டிரைவருக்கு ஒரே லைசென்ஸ்தான்

ஆடி வெள்ளிக்குப் படவேடு ரேணுகாம்பாள் கோயிலுக்குப் போகாத குடும்பம் நமது ஆரணி வட்டாரத்தில் குறைவு. அப்படித்தான் ஒரு லாரி டிரைவர் தன் சொந்த மோட்டார் சைக்கிளில் மனைவியையும் மாமியாரையும் ஏற்றிக்கொண்டு போனார். தலையில் ஹெல்மெட் இல்லை, வண்டியில் மூன்று பேர். வழியில் சோதனை. லைசென்ஸை வாங்கி வைத்துக்கொண்டு, கையில் ஒரு சீட்டைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

மறுநாள் காலையில் அவருடைய முதலாளி சங்க அலுவலகத்துக்கு வந்தார். நமது பழைய அங்கத்தினர், அரிசி மண்டி வைத்திருப்பவர். "ஐயா, அந்தப் பிள்ளை எங்கிட்ட ஒன்பது வருஷமா லாரி ஓட்டுது. ஒரு உரசல்கூட கிடையாது. டூ வீலர்ல அவன் ஹெல்மெட் போடாததுக்கும் என் லாரிக்கும் இன்னா சம்பந்தம்? திங்கட்கிழமை மெட்ராசுக்கு லோடு இருக்குது. அந்தச் சீட்டை வச்சிக்கிட்டு ஓட்டலாம் இல்லியா?" என்று கேட்டார்.

"ஓட்டக் கூடாது" என்று நாம் சொன்னதும் அவருக்குக் கோபமே வந்துவிட்டது. இதுநாள் வரை சீட்டை வைத்துக்கொண்டுதானே எல்லோரும் ஓட்டினார்கள் என்றார். அவர் சொன்னதில் தவறில்லை. போலீசார் லைசென்ஸைக் கைப்பற்றினால் ஓர் ஒப்புகைச் சீட்டு தர வேண்டும், லைசென்ஸ் திரும்பி வரும் வரை அல்லது சீட்டில் குறித்த தேதி வரை அதைக் கொண்டு ஓட்டலாம் என்பது மோட்டார் வாகனச் சட்டத்தில் நெடுநாளாக இருக்கும் விதி. ஆனால் 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் அதே 206-வது பிரிவில் இன்னொரு உட்பிரிவைச் சேர்த்திருக்கிறது. அதிவேகம், ஆபத்தாக ஓட்டுதல், குடித்துவிட்டு ஓட்டுதல், மோட்டார் சைக்கிளில் மூவர் சவாரி, ஹெல்மெட் இல்லாமை ஆகியவற்றுக்காக லைசென்ஸ் கைப்பற்றப்பட்டால் அது நேரே லைசென்ஸ் வழங்கும் அதிகாரிக்குப் போகிறது. அப்போது தரப்படும் சீட்டு வெறும் ஒப்புகைதான். லைசென்ஸ் திரும்பக் கைக்கு வரும் வரை அது வண்டி ஓட்ட அதிகாரம் தராது என்று சட்டமே சொல்கிறது. செல்போனில் டிஜிலாக்கரில் இருக்கிறதே என்றால் அதுவும் உதவாது. அது நகல்தான். மூலமே முடங்கிக் கிடக்கும்போது நகலுக்கு என்ன மதிப்பு?

இந்த விவரம் நம் கடைவீதியில் எத்தனை பேருக்குத் தெரியும் என்பது சந்தேகம். ஆகவே இந்த இதழில் இதைப் பற்றிச் சற்று விரிவாக எழுதுகிறோம்.

லாரிக்கு வேறு, மொபெட்டுக்கு வேறு என்று இல்லை

நம்மில் பலர் மனத்தில் ஓர் எண்ணம் இருக்கிறது. டிரைவர் வேலை நேரத்தில் செய்வது நம் கணக்கு, வேலை முடிந்து அவர் சொந்த வண்டியில் செய்வது அவர் கணக்கு என்று. கடையைப் பொறுத்தவரை இது சரி. கல்லாவில் இருப்பவர் ஞாயிற்றுக்கிழமை சீட்டாடினால் நமக்கென்ன? ஆனால் டிரைவர் விஷயம் அப்படி அல்ல. ஒருவர் ஒரே சமயத்தில் இரண்டு டிரைவிங் லைசென்ஸ் வைத்திருக்க முடியாது என்பது சட்டத்தின் 6-வது பிரிவு. மொபெட்டுக்கும் காருக்கும் பத்துச் சக்கர லாரிக்கும் ஒரே அட்டை, ஒரே எண். ஞாயிற்றுக்கிழமை மாலை செய்த தவறும் திங்கட்கிழமை காலை ஓட்டும் லோடும் அந்த ஒரே எண்ணில்தான் பதிவாகின்றன.

ஹெல்மெட் போடாமல் ஓட்டினால் 1,000 ரூபாய் அபராதம் என்று மட்டுமே ஊரில் பேசிக்கொள்கிறார்கள். 194-டி பிரிவைப் படித்தால், அபராதத்தோடு மூன்று மாதத்துக்கு லைசென்ஸ் வைத்திருக்கும் தகுதியை இழப்பார் என்றும் சேர்த்தே எழுதியிருக்கிறது. மூவர் சவாரிக்கும் அப்படியே. எல்லா வழக்கிலும் இது நடக்கிறது என்று சொல்ல மாட்டோம். பெரும்பாலும் அபராதத்தோடு போய்விடுகிறது. ஆனால் நடக்கிற நாளில், மாதச் சம்பளக்காரருக்கு அது ஒரு தொல்லை, லாரி டிரைவருக்கோ மூன்று மாதப் பிழைப்பு. குடித்துவிட்டு ஓட்டினால் இன்னும் கடுமை. முதல் முறைக்கே ஆறு மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். லைசென்ஸையே ரத்து செய்யவும் 19-வது பிரிவில் அதிகாரிக்கு இடம் இருக்கிறது. உத்தரவு போடுமுன் டிரைவரின் விளக்கத்தைக் கேட்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. எந்த வகை வண்டிக்குத் தடை, எல்லா வகைக்குமா என்பது அந்த உத்தரவில் இருக்கும்.

அமெரிக்காவில் இதை மறைக்காமல் நேரடியாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். 1999-இல் அங்கே வந்த ஒரு சட்டப்படி, லாரி டிரைவர் தன் சொந்தக் காரைக் குடித்துவிட்டு ஓட்டித் தண்டனை பெற்றாலும் லாரி லைசென்ஸ் ஓராண்டுக்குப் பறிபோகும். இரண்டாம் முறையானால் ஆயுளுக்கும். முதலாளி ஆண்டுக்கு ஒரு முறையாவது டிரைவரின் பதிவை வாங்கிப் பார்த்தே தீர வேண்டும். இங்கே அப்படிப் பார்க்க வேண்டும் என்று நம்மை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. கட்டாயம் இல்லாததால் பார்ப்பதும் இல்லை.

இன்ஷூரன்ஸ் கம்பெனி எப்போது கேட்கும்?

லாரிக்கு பாலிசி எடுக்கும்போது டிரைவரைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. மூன்றாம் நபர் பிரீமியம் வண்டியின் மொத்த எடையைப் பொறுத்தது. சொந்தச் சேதத்துக்கான பிரீமியம் வண்டியின் மதிப்பு, வயது, ஓடும் பகுதி ஆகியவற்றைப் பொறுத்தது. டிரைவர் நல்லவரா, நான்கு முறை பிடிபட்டவரா என்பது அதில் எங்கும் வராது. இதனால்தான் டிரைவரின் பதிவுக்கும் நம் பாலிசிக்கும் தொடர்பில்லை என்று நினைத்துவிடுகிறோம்.

விபத்து நடந்த மறுநாள் வரும் கிளெய்ம் படிவத்தைப் பாருங்கள். டிரைவரின் பெயர், லைசென்ஸ் எண், எந்த வகை வண்டிக்கு, எந்தத் தேதி வரை என்று வரிசையாகக் கேட்டிருப்பார்கள். வாங்கும்போது கேட்காததை எல்லாம் கொடுக்கும்போது கேட்பார்கள். நாமும் கடன் கேட்டு வருபவரிடம் அப்படித்தானே நடந்துகொள்கிறோம்!

முறையான லைசென்ஸ் இல்லாதவரோ, தகுதி நீக்கம் செய்யப்பட்டவர் அந்தக் காலத்துக்குள்ளோ வண்டி ஓட்டியிருந்தால், கம்பெனி அதைக் காரணம் காட்டிப் பொறுப்பை மறுக்கலாம். முன்பு 149-வது பிரிவில் இருந்த இந்த விதி இப்போது 150-வது பிரிவில் இருக்கிறது. இதைப் பற்றி உச்ச நீதிமன்றம் பல தீர்ப்புகள் தந்திருக்கிறது. வியாபாரிகள் தெரிந்துகொள்ள வேண்டியவை மூன்று, நான்கு.

முதலாவது 1987-இல் வந்த ஸ்காண்டியா வழக்கு. குஜராத்தில் நடந்த சம்பவம். லாரி டிரைவர் இன்ஜினை நிறுத்தாமல் வண்டியைக் கிளீனரிடம் விட்டுவிட்டு, எதிர்க் கடைக்குத் தின்பண்டம் வாங்கப் போனார். லைசென்ஸ் இல்லாத கிளீனர் வண்டியை எடுத்தார், விபத்து நடந்தது. கம்பெனி கைவிரித்தது. முதலாளி லைசென்ஸ் உள்ள டிரைவரை வைத்துத் தன் கடமையைச் செய்திருக்கிறார், அவர் வேண்டுமென்று நிபந்தனையை மீறவில்லை, ஆகவே கம்பெனி பணம் கொடுக்க வேண்டும் என்று கோர்ட் சொல்லிவிட்டது. நம் ஊர் டீக்கடை வாசல்களில் தினமும் காணும் காட்சி இது என்பதால் எடுத்துச் சொல்கிறோம். தீர்ப்பு முதலாளிக்குச் சாதகமாக வந்தது உண்மை. அதற்காகக் கிளீனர் கையில் சாவியை விட்டுவைக்கலாம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இரண்டாவது, 2004 ஜனவரியில் வந்த ஸ்வரண் சிங் வழக்கின் தீர்ப்பு. லைசென்ஸில் குறை இருந்தது என்று மட்டும் கம்பெனி சொன்னால் போதாது, முதலாளி கவனக்குறைவாக இருந்தார் என்பதையும் அதுவே நிரூபிக்க வேண்டும் என்றது அந்தத் தீர்ப்பு. நிரூபித்துவிட்டால்? அடிபட்டவர் குடும்பத்துக்குக் கம்பெனி முதலில் பணத்தைக் கொடுக்கும்படி உத்தரவிடலாம். பிறகு அந்தத் தொகையை வண்டி முதலாளியிடமிருந்து கம்பெனி வசூலித்துக்கொள்ளலாம், நிலவரி பாக்கியை வசூலிப்பது போலக் கலெக்டர் மூலமாகவே வசூலிக்கலாம். இழப்பீட்டுத் தொகைகள் இன்று லட்சக் கணக்கில் இருக்கின்றன. ஒரு மளிகை மண்டியின் முதல் முழுவதையும் விழுங்கக்கூடிய தொகை அது.

மூன்றாவது, 2007-இல் வந்த லட்சுமி நாராயண் தத் வழக்கு. ஸ்வரண் சிங் வழக்கில் கிடைத்த பாதுகாப்பு, பாதிக்கப்பட்ட மூன்றாம் நபர்களுக்காக மட்டுமே. நமது லாரிக்கு ஏற்பட்ட சேதத்துக்கு நாமே கேட்கும் கிளெய்முக்கு அது பொருந்தாது என்றது கோர்ட். அந்த வழக்கில் லைசென்ஸ் போலியானது. எனவே முன்பக்கம் நொறுங்கிய வண்டியை நம் கைக்காசில் கட்ட வேண்டியதுதான்.

2013-இல் பெப்சு போக்குவரத்துக் கழக வழக்கில் முதலாளி என்னென்ன செய்திருந்தால் போதும் என்பதையும் கோர்ட் சொல்லிவிட்டது. வேலைக்கு எடுக்கும்போது லைசென்ஸைப் பார்க்க வேண்டும். அது பார்வைக்கு உண்மையாக இருக்க வேண்டும். ஆள் ஒழுங்காக ஓட்டுகிறாரா என்று சோதித்துப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு ஆர்.டி.ஓ. அலுவலகமாகப் போய் விசாரிக்க வேண்டியதில்லை. 2022-லும் உச்ச நீதிமன்றம் இதே கருத்தை ஒட்டியே தீர்ப்பளித்தது. ஆனால் பார்த்தோம் என்பதற்கு நம்மிடம் ஒரு காகிதமாவது வேண்டாமா? பத்து வருடத்துக்கு முன் வாய்வார்த்தையாகச் சேர்த்த டிரைவரின் லைசென்ஸ் நகல் நம்மில் எத்தனை பேரின் பைலில் இருக்கிறது?

தெரிந்தே ஓட்ட விட்டால் சட்டத்தில் தனிக் குற்றமும் உண்டு. தகுதி இல்லாதவரிடம் வண்டியைக் கொடுத்த உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது மூன்று மாதச் சிறை, அல்லது இரண்டும். தகுதி நீக்கக் காலத்தில் ஓட்டிய டிரைவருக்கு 10,000 ரூபாய். மேலே சொன்ன முதலாளி திங்கட்கிழமை சீட்டோடு லாரியை அனுப்பியிருந்தால், லைசென்ஸ் போனது தெரியாது என்று பிறகு சொல்லியிருக்க முடியாது. நம்மிடமே வந்து கேட்டவர் அல்லவா!

நோ கிளெய்ம் போனஸ் பற்றியும் ஒரு வார்த்தை. கிளெய்ம் இல்லாமல் ஓட்டினால் சொந்தச் சேதப் பிரீமியத்தில் முதல் ஆண்டு 20 சதவீதம் தள்ளுபடி, பிறகு 25, 35, 45, கடைசியில் 50. ஒரே ஒரு கிளெய்ம் போட்டால் ஐந்து வருடத்தில் ஏறிய ஏணியிலிருந்து இறங்கிவிடுகிறோம். பிரீமியத்தில் டிரைவரின் பெயர் இல்லை என்றாலும், அவர் ஓட்டும் விதம் இந்த வழியாக உள்ளே வந்துவிடுகிறது. நிதானமான டிரைவருக்குத் தீபாவளிக்கு ஓர் ஆயிரம் கூடக் கொடுப்பதில் நஷ்டம் இல்லை என்பது நம் கணக்கு. 2021 ஜனவரியில் இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் அமைத்த குழு ஒன்று, போக்குவரத்து அபராதங்களைப் புள்ளிகளாகக் கணக்கிட்டுப் பிரீமியத்தோடு சேர்க்கலாம் என்று பரிந்துரை செய்தது. யார் ஓட்டியிருந்தாலும் புள்ளிகள் வண்டி உரிமையாளர் பெயரில்தான் ஏறும் என்பது அதிலுள்ள ஏற்பாடு.

நாம் ஏற்றிய பாரம், அவர் லைசென்ஸில்

டிரைவர்கள் பக்கம் நின்றும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அவர்கள் பதிவில் விழும் கரும்புள்ளிகள் எல்லாம் அவர்களே தேடிக்கொண்டவை அல்ல.

ஆரணியிலும் களம்பூரிலும் மில்லில் அரிசி ஏற்றும் நேரத்தில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். "இன்னும் ஒரு நாற்பது சிப்பம் போடுப்பா, இடம் இருக்குது" என்று சொல்வது யார்? வியாபாரிதான். 26 கிலோ சிப்பம் நாற்பது என்றால் ஒரு டன்னுக்கு மேல். அளவுக்கு மீறிய பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய், அதற்கு மேல் கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. கூடுதல் சரக்கை அங்கேயே இறக்கி வைக்கும் செலவும் நம்முடையதுதான். 2022 அக்டோபரில் தமிழ்நாட்டில் இந்தப் புதிய அபராதங்கள் நடைமுறைக்கு வந்தன. அதற்கு முன் சட்டத்தில் இருந்தது 2,000 ரூபாயும் டன்னுக்கு 1,000-மும். மிச்சப்படுத்திய வாடகை இதற்கு ஈடாகுமா என்று அவரவர் கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

அபராதத்தை முதலாளி கட்டிவிடுவார். ஆனால் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 21-வது விதி, லைசென்ஸைப் பறிக்கத்தக்க செயல்களின் பட்டியலில் சரக்கு வண்டியில் அதிக பாரம் ஏற்றுவதையும், ஆட்களை ஏற்றுவதையும் சேர்த்திருக்கிறது. 2015-இல் உச்ச நீதிமன்றம் அமைத்த சாலைப் பாதுகாப்புக் குழு, இவற்றுக்கும் குடி, அதிவேகம், சிவப்பு விளக்கைத் தாண்டுதல், செல்போன் பேசிக்கொண்டே ஓட்டுதல் ஆகியவற்றுக்கும் மூன்று மாதத்துக்குக் குறையாமல் லைசென்ஸை நிறுத்தி வைக்க வேண்டும் என்று மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. லாபம் நமக்கு, லைசென்ஸ் அவருக்கு. இதில் நியாயம் எங்கே இருக்கிறது? "மொதலாளி, வேணாம் மொதலாளி, வாலாஜா கிட்ட செக்கிங் இருக்கும்" என்று டிரைவர் சொல்லும்போது அதைச் சோம்பேறித்தனம் என்று நினைக்கிறோம். அவர் தன் பிழைப்பைக் காக்கப் பார்க்கிறார்.

ஆக்டிங் டிரைவர்

நிரந்தர டிரைவர் வராத நாளில் ஆக்டிங் டிரைவர். நம் ஊரில் இது வழக்கமாகிவிட்டது. ஸ்டாண்டில் நிற்கும் யாரையாவது கூப்பிட்டு, பேட்டாவைப் பேசி, சாவியைக் கொடுத்துவிடுகிறோம். பெங்களூரிலிருந்து வரும் பட்டு நூல் மூட்டையும், காஞ்சிபுரம் போகும் சேலைக் கட்டும் இப்படித்தான் போகின்றன. அதில் இருக்கும் சரக்கு பல லட்சம் பெறும். ஓட்டுபவர் பெயர்கூடச் சில சமயம் நமக்குச் சரியாகத் தெரியாது.

லைசென்ஸ் அட்டையில் இரண்டு தேதிகள் இருக்கும். ஒன்று சொந்த வண்டிகளுக்கான காலம், அது நீண்டது. மற்றொன்று போக்குவரத்து வாகனங்களுக்கான காலம். அது முன்பு மூன்று ஆண்டாக இருந்து, 2019-க்குப் பிறகு ஐந்து ஆண்டு ஆகியிருக்கிறது. அவசரத்தில் முதல் தேதியைப் பார்த்துவிட்டுச் சரி என்று சொல்லிவிடுகிறோம். லாரிக்கு வேண்டியது இரண்டாவது தேதி. காலாவதியான பிறகும் முப்பது நாள் செல்லும் என்று பழைய டிரைவர்கள் சொல்வார்கள். அந்தச் சலுகையை 2019 திருத்தம் எடுத்துவிட்டது. முடியும் தேதிக்கு ஓராண்டு முன்பிருந்தே புதுப்பிக்க மனுப் போடலாம். போக்குவரத்து வாகனத்துக்கு டாக்டர் கையெழுத்திட்ட 1-ஏ படிவமும் சேர்க்க வேண்டும்.

குட்டியானை, சிறிய வேன் வைத்திருப்பவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. மொத்த எடை 7,500 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டியை, இலகுரக வாகன லைசென்ஸ் உள்ளவர் தனி பேட்ஜ் இல்லாமலேயே ஓட்டலாம். 2017-இல் முகுந்த் தேவாங்கன் வழக்கில் சொன்னதை, 2024 நவம்பர் 6 அன்று ரம்பா தேவி வழக்கில் ஐந்து நீதிபதிகள் கொண்ட பெஞ்ச் உறுதி செய்துவிட்டது. பேட்ஜ் இல்லை என்ற ஒரே காரணத்தால் இப்படிப்பட்ட கிளெய்மைக் கம்பெனி மறுத்தால் இந்தத் தீர்ப்பைக் காட்டலாம். சமையல் கேஸ் போன்ற ஆபத்தான சரக்குக்கும், எடை கூடிய லாரிக்கும் இது பொருந்தாது.

லைசென்ஸ் நடப்பில் இருக்கிறதா, நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க இப்போது யார் காலிலும் விழ வேண்டியதில்லை. மத்திய அரசின் பரிவாஹன் இணையதளத்தில் லைசென்ஸ் எண்ணையும் பிறந்த தேதியையும் போட்டால் வகை, தேதி, நிலை எல்லாம் வந்துவிடுகிறது. நிலுவையில் உள்ள அபராதங்களையும் பார்க்கலாம். இரண்டு நிமிட வேலை. வீட்டில் கல்லூரிக்குப் போகும் பிள்ளை இருந்தால் அதுவும் வேண்டாம். பார்த்ததை அச்செடுத்து, தேதி போட்டு, ஆர்.சி. நகலோடு வைத்துக்கொண்டால், நாம் கவனமாக இருந்தோம் என்பதற்கு அதுவே சாட்சி. டிரைவரிடம் சொல்லிவிட்டே பார்க்க வேண்டும். திருட்டுத்தனமாக வேவு பார்ப்பது போல் ஆகிவிடக் கூடாது.

சொந்த வண்டி இல்லாமல் வாடகை லாரியில் சரக்கு எடுப்பவர்கள், இது லாரிக்காரர் பாடு என்று இருந்துவிட முடியாது. லாரியின் மோட்டார் பாலிசி உள்ளே இருக்கும் பருப்புக்கும் சர்க்கரைக்கும் கிடையாது. அதற்குத் தனியாக டிரான்சிட் பாலிசி வேண்டும். டிரான்ஸ்போர்ட் கம்பெனி மூலம் அனுப்பினால், 2007-ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் விதிகளும் வைத்திருக்கும் வரம்பு, சரக்கின் மதிப்பை முன்கூட்டியே அதிகமாகக் குறித்துக் கொடுக்காத வரை, வாடகையைப் போல் பத்து மடங்குதான். புக்கிங் செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுக்காவிட்டால் வழக்குப் போடவும் வழியில்லை.

இனி நமது மண்டிக்காரரின் கதைக்கு வருவோம். அன்று மாலையே அவர் ஓர் ஆக்டிங் டிரைவரை அழைத்துக்கொண்டு திரும்ப வந்தார். அவருடைய லைசென்ஸைச் சங்க அலுவலகத்திலேயே செல்போனில் பார்த்தோம். சொந்த வண்டிக்கு இன்னும் பல வருடம் இருந்தது. போக்குவரத்து வாகனத்துக்கான தேதி முடிந்து பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. அவருக்கே அது தெரியாது. வேறொருவரைத் தேடிப் பிடித்து, திங்கட்கிழமை போக வேண்டிய லோடு செவ்வாய்க்கிழமை போனது.

பழைய டிரைவர் ஆர்.டி.ஓ. முன் போய் விளக்கம் கொடுத்தார். மூன்று மாதம் என்று உத்தரவு வந்தது. இப்போது மண்டியில் எடை போட்டுக்கொண்டிருக்கிறார். சம்பளம் உண்டு, பேட்டா இல்லை. லைசென்ஸ் கைக்கு வர ஐப்பசி ஆகும்.